ஹை-ஃபைக்கு ஒரு ஸ்ட்ரீமர்: திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

பாட்டுக் கேட்க வீட்டில் தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி என்னவென்று எனக்கு இப்போது மனப்பாடம். நண்பர், உறவினர், பக்கத்து மேசைக்காரர் என்று ஆள்தான் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் ஃபோனில் அரை மணி நேரம் பேசுவதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பதில்கள்.

1. ஃபோன்லயே எல்லாப் பாட்டும் இருக்கே, இதுக்குன்னு தனியா ஒரு பெட்டி எதுக்கு?

ஃபோனில் பாட்டு இருக்கிறது, சரி. அது உங்கள் ஸ்பீக்கருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் விஷயம். ஸ்ட்ரீமர் என்பது இணையத்திலிருந்தோ வீட்டு ஹார்ட் டிஸ்கிலிருந்தோ பாட்டைத் தானே எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி. முன்பு சிடி பிளேயர் இருந்த இடத்தில் இது உட்காருகிறது. ஃபோன் வெறும் ரிமோட்டாகிவிடும். பாட்டைத் தொட்டுவிட்டு ஃபோனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிடலாம்.

2. ப்ளூடூத் ரிசீவர் ஒண்ணு மாட்டிட்டா வேலை முடிஞ்சுது இல்லையா?

ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்கு அது தாராளமாகப் போதும். ப்ளூடூத்தில் ஃபோன்தான் பாட்டை வாங்கி, விரித்து, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி முறையில் விநாடிக்குச் சுமார் 328 கிலோபிட் போகும். எல்டாக் முறையில் அதிகபட்சம் 990. ஒரு சிடியில் இருப்பது 1,411. ஆனாலும் நல்ல ப்ளூடூத் காதுக்கு அவ்வளவு மோசம் என்று நான் சொல்லமாட்டேன்.

எரிச்சல் வேறு இடத்தில் வரும். பாடகர் மெல்ல மேலே போய் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது, குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய காலை வணக்கம் உங்கள் பெரிய ஸ்பீக்கரில் 'டிங்' என்று விழும். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனால் பாட்டு விக்கும். ஸ்ட்ரீமருக்கு ஃபோன் தருவது 'இந்தப் பாட்டை எடுத்துக்கோ' என்ற முகவரியை மட்டும்தான். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, 5-ஆம் கேள்வியில் வரும்.

3. ஸ்ட்ரீமர், டேக், ஆம்ப்... எது எதைச் செய்யுது? குழப்பமா இருக்கு.

ஸ்ட்ரீமர் பூஜ்யமும் ஒன்றுமாகப் பாட்டைக் கொண்டுவருகிறது. டேக் (DAC) அந்த எண்களை மின் அலையாக மாற்றுகிறது. ஆம்ப் அந்த அலையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெரிதாக்குகிறது. கடையில் 'ஸ்ட்ரீமர்' என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்குள் டேக் இருக்கும். டேக் இல்லாமல் வருவதை டிரான்ஸ்போர்ட் என்பார்கள். மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தும் விற்கிறார்கள்.

எனக்கு இவை தனித்தனியாக இருப்பதுதான் பிடிக்கும். நல்ல ஸ்பீக்கர் 20, 30 வருஷம் உழைக்கும். ஆம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்ட்ரீமர் அப்படியில்லை. அதற்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி, அதன் ஆயுளைத் தீர்மானிப்பது மென்பொருள். சீக்கிரம் கிழடாகப்போகும் பொருளைக் கழற்றி மாற்றுகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. மேசையில் இடமில்லை, ஒயர் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே பெட்டி சரி. 18-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

4. என் ஏவி ரிசீவர்லயே நெட்வொர்க் வசதி இருக்கு. அப்புறமும் வாங்கணுமா?

ஏவி ரிசீவரும் டிவி, சினிமாவுக்கான ஒரு ஆம்ப்தான். முதலில் அதையே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதில் உங்கள் சேவை வருகிறது, ஆப் திட்டு வாங்காமல் வேலை செய்கிறது என்றால் விட்டுவிடுங்கள். என்னிடம் இப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேர் இன்னும் ரிசீவரிலேயே சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

5. பெட்டி மேல பத்து லோகோ போட்டிருக்கான். எதைப் பார்க்கணும்?

எண்ணாதீர்கள். நீங்கள் சந்தா கட்டும் சேவையின் லோகோ இருக்கிறதா, அது எந்த விதத்தில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் விதம் 'கனெக்ட்'. ஸ்பாட்டிஃபை கனெக்ட் 2013 முதல், டைடல் கனெக்ட் 2020 முதல், கோபஸ் கனெக்ட் 2025 முதல் இருக்கின்றன. அந்தச் சேவையின் சொந்த ஆப்பில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, கருவிகள் பட்டியலில் பெட்டியின் பெயரைத் தொட்டால் முடிந்தது; பாட்டைப் பெட்டியே இறக்கிக்கொள்ளும். என் முதல் தேர்வு இதுதான். பெட்டிக்காரர் எழுதிய ஆப்பைத் தொடவே வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, அப்படி ஒரு ஆப்போடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது விதம், ஃபோனிலிருந்து தள்ளிவிடுவது. கூகுள் காஸ்ட் முறையில் பெட்டியே பாட்டை எடுத்துக்கொள்ளும். ஏர்பிளேயில் பொதுவாக ஐஃபோன் வாங்கித்தான் பெட்டிக்கு அனுப்புகிறது. ஃபோன் அணைந்தால் பாட்டும் நிற்கும். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான். ஆப்பிள் மியூசிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலான பெட்டிகளில் வழி இது: ஐஃபோன் என்றால் ஏர்பிளே, ஆண்ட்ராய்டு என்றால் காஸ்ட். யூடியூப் மியூசிக் அதிகபட்சமே 256 கிலோபிட்தான், அதனால் அதற்காகப் பெட்டித் தேர்வில் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

மூன்றாவது, பெட்டியின் ஆப்புக்குள்ளேயே சேவையைக் கொண்டுவருவது. இதில் தேடல் சரியாக வருகிறதா, நீங்கள் சேர்த்துவைத்த பட்டியல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலும் ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரிலும் லாஸ்லெஸ்ஸை (ஒலியில் எதையும் இழக்காமல் அனுப்பும் முறையை) கொண்டுவந்தன. சேவை மாறினால் பெட்டியும் கூடவே மாறியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே மாடலுக்கு அந்த அப்டேட் வந்திருக்கிறதா என்று பெயர் எண்ணோடு தேடிப் பாருங்கள்.

6. சந்தாவெல்லாம் வேண்டாம். நான் ரிப் பண்ணி வெச்ச ஆயிரம் சிடி ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, அதைப் பாடுமா?

பாடும். ஃபிளாக் என்ற, எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவத்தில் ஒரு சிடி சராசரியாக 300, 400 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஆயிரம் சிடி ஒரு டெராபைட்டில் பாதியைக்கூடத் தொடாது. சுலபமான வழி, அந்த டிஸ்கை ஸ்ட்ரீமரின் யுஎஸ்பி துளையில் செருகுவது. எல்லாப் பெட்டிகளிலும் அந்தத் துளை டிஸ்க்குக்கானது கிடையாது. சிலவற்றில் அது ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) ஏற்ற மட்டும், சிலவற்றில் வெளி டேக்குக்கு மட்டும். டிஸ்க் எந்த வடிவத்தில் ஃபார்மேட் ஆகியிருந்தால் படிக்கும் என்பதையும் பாருங்கள்.

அடுத்த வழி, டிஸ்கை நாஸிலோ (நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் பெட்டி) ரௌட்டரிலோ மாட்டி நெட்வொர்க் வழியாகக் கொடுப்பது. யுபிஎன்பி என்ற பழைய பொதுமுறையை அநேகமாக எல்லா ஸ்ட்ரீமரும் புரிந்துகொள்ளும். இதில் ஒரு சிக்கல்: சில ஆப்களில் பாட்டு வரிசை ஃபோனிலேயே இருக்கும். ஃபோன் தூங்கினால் நடக்கிற பாட்டு முடிந்து, அடுத்தது வராமல் அமைதி. ஓபன்ஹோம் வசதி உள்ள பெட்டிகளில் வரிசை பெட்டியிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆயிரம் சிடி என்றால் பாட்டுத் தொகுப்பை நிர்வகிக்கும், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளான லிரியன் மியூசிக் சர்வரைப் பாருங்கள். சந்தாவோடு வரும் ரூன் இன்னும் அழகு. யார் எந்தத் தட்டில் வாசித்தார் என்று தொட்டுத் தொட்டுப் போகலாம். ஆனால் வீட்டில் எப்போதும் ஒரு கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த வழியானாலும் இன்னொரு டிஸ்கில் நகல் வையுங்கள். ஒரே டிஸ்கை நம்பி, ரிப் செய்த 200 தட்டை மறுபடி ஒவ்வொன்றாகச் செருகிய அனுபவம் எனக்கு உண்டு.

7. நேரடிக் கச்சேரிப் பதிவுல டிராக் மாறும்போது ஒரு துளி நின்னுட்டு வருது. பெட்டி கெட்டுப்போச்சா?

கெடவில்லை, அதற்கு கேப்லெஸ் (டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுவது) சரியாக வரவில்லை. ஆலாபனை ஒரு டிராக், பாட்டு அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். கேட்பவருக்கு அது ஒரே மூச்சு. தம்புரா நடுவில் அரை விநாடி செத்துப் பிழைத்தால் மனசு விட்டுப்போகும். கைதட்டல் பாதியில் அறுந்தாலும் அப்படித்தான்.

காரணம் இரண்டு. எம்பி3 கோப்பில், சுருக்கும்போதே தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றிடம் ஒட்டிக்கொள்கிறது. ஃபிளாக்கில் அது கிடையாது. அடுத்தது, யுபிஎன்பியில் 'அடுத்த பாட்டு இது' என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது, சில பெட்டிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. விளம்பரத்தில் கேப்லெஸ் என்று போட்டிருந்தாலும் நீங்கள் பயன்படுத்தப்போகும் வழியில் வருகிறதா என்று சோதியுங்கள். யுஎஸ்பியில் ஒழுங்காக வந்து, நெட்வொர்க்கில் வராத பெட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

8. பாட்டுப் பேரெல்லாம் தமிழ்ல வெச்சிருக்கேன். ஒழுங்கா காட்டுமா?

ஃபோன் ஆப்பில் காட்டும். ஃபோனுக்குத் தமிழ் தெரியும். பெட்டியின் சின்னத் திரைதான் பாடாய்ப் படுத்தும். எழுத்துரு இல்லாதவற்றில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாதவை 'கொ'வை உடைத்து, ககரத்தை முன்னால் போட்டு ஒற்றைக் கொம்பைப் பின்னால் தொங்கவிடும். ரொம்பப் பழைய எம்பி3 கோப்புகளில் யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் பெயர் இருந்தால் ஆப்பிலும் குப்பையாகத்தான் தெரியும்; அதைக் கணினியில் 'டேக் (tag) எடிட்டர்' என்ற, கோப்பின் பெயர் விவரங்களை மாற்றும் மென்பொருள் வைத்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி ஆங்கில எழுத்தில் வரும் பெயர்கள். இளையராஜா என்ற ஒரே பெயரை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். பெட்டி அவரை மூன்று நான்கு ஆளாக்கிவிடும். திரைப்பாட்டு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இசையமைப்பாளர், 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடகர்கள். அப்போதுதான் ஆறு பாட்டுள்ள ஒரு படம் ஆறு ஆல்பமாகச் சிதறாமல் இருக்கும். பெட்டி ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தை மதிக்கிறதா என்பதை நான் மற்ற எந்த வசதிக்கும் முன்னால் பார்ப்பேன்.

9. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்னு போட்டாதான் நல்ல பெட்டியா?

இன்றைக்கு வரும் பெட்டிகள் அநேகமாக எல்லாமே அதைச் செய்கின்றன, ஆகவே அதை வைத்துப் பிரிக்க முடியாது. சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடுகிறது. மனிதக் காது இளமையில் 20 வரை கேட்கும், வயதாக ஆக இறங்கும்.

காதை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் மேயரும் மோரனும் வெளியிட்ட, எது ஓடுகிறது என்று சொல்லாமல் நடத்திய சோதனையில், ஹை-ரெஸ் (சிடியைவிடக் கூடுதல் தரத்தில் உள்ள) ஒலியை நேராகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் கொஞ்சம் கூடுதல். வேறுபாடு இருக்கலாம், ஆனால் நூலிழை. ஹை-ரெஸ்ஸில் கேட்க எனக்கும் பிடிக்கும். சில ஆல்பங்களில் அந்தப் பதிப்பின் மாஸ்டரிங்கே நன்றாக இருக்கும். அது வேறு கதை.

10. வைஃபை போதுமா, கேபிள் இழுக்கணுமா?

கணக்கைப் பாருங்கள். சுருக்காத சிடி ஒலி விநாடிக்கு 1.4 மெகாபிட். சுருக்காத 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்கூட 9.2 மெகாபிட்தான். சுமாரான வைஃபையே அதைப் போல் பல மடங்கு தரும். வேகத்தில் பிரச்சினை வருவதில்லை, நிலையில்லாமல் விட்டு விட்டு வருவதில்தான் பிரச்சினை. 2.4 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் அடுப்பும் அக்கம்பக்கத்து ரௌட்டர்களும் குறுக்கே வரும். 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமானது, ஆனால் சுவர் தாண்டச் சிரமப்படும்.

ரௌட்டர் அதே அறையில் இருந்தால் கேபிளே போடுங்கள், சாதாரண ஈதர்நெட் கேபிள். 100 மீட்டர் வரை அதற்கு ஒன்றும் ஆகாது. வாங்கும் பெட்டியில் ஈதர்நெட் துளை இருப்பது நல்லது. அது '100 மெகாபிட் மட்டும்' என்று யாராவது குறை சொன்னால் மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள்.

11. நேத்து வரைக்கும் நல்லா பாடுச்சு, இன்னிக்கு ஆப்ல பெட்டியே தெரியல.

ஃபோன் மொபைல் டேட்டாவிலோ விருந்தினர் வைஃபையிலோ இருக்கும், இல்லை விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். ஃபோனும் பெட்டியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கண்டுபிடிக்கும். இந்தக் கேள்வியோடு வரும் அழைப்புகளில் பாதி இதோடு முடிந்துவிடும். மீதிப் பாதி, ரௌட்டரை அணைத்துப் போட்டதும்.

12. ஆடியோவுக்குன்னே ஸ்பெஷல் நெட்வொர்க் கேபிள், ஸ்விட்ச் விக்கறாங்களே?

விற்கிறார்கள். பாட்டு ஓடும்போது ஸ்ட்ரீமரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பல பெட்டிகளில் பாட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி பல விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கும். சிலவற்றில் பாட்டே முடிந்துவிடும். தரவு முன்னாலேயே வந்து பஃபரில் (பெட்டியின் தற்காலிக நினைவகத்தில்) உட்கார்ந்திருக்கிறது. வழியில் ஒரு பொட்டலம் கெட்டால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. கேபிளே மாட்டாமல் பாடிய அந்தப் பத்து விநாடியில் ஸ்பெஷல் கேபிள் என்ன செய்திருக்கும் என்று விற்பவரிடம் நான் ஒரு முறை கேட்டேன். டீ சாப்பிடலாமா என்றார்.

13. உள்ளேயே டேக் இருக்கு. தனி டேக் வேற வாங்கணுமா?

முதலில் வேண்டாம். உள்ளே இருக்கும் டேக்கின் ஆர்சிஏ வெளியீட்டை ஆம்பின் 'ஆக்ஸ்', 'சிடி' என்று எழுதிய உள்ளீட்டில் மாட்டிக் கேளுங்கள். ('ஃபோனோ' என்றிருப்பதில் மாட்டக் கூடாது. அது தட்டு சுழலும் பிளேயருக்கானது, அலறும்.) ஏற்கெனவே நல்ல டேக் வைத்திருப்பவர்களும், ஆம்பிலேயே டேக் உள்ளவர்களும் டிஜிட்டல் வெளியீடுகளைப் பாருங்கள்.

ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பிக்கையாகப் போகும், 192 கருவியைப் பொறுத்தது. கோஆக்சியல் 192 வரை பிரச்சினையில்லை. யுஎஸ்பியில் அதற்கு மேலும் போகலாம், அங்கே கடிகாரமும் (எண்களை எந்த வேகத்தில் எடுப்பது என்ற கணக்கும்) டேக்கின் கையில் இருக்கும்; ஆனால் உங்கள் டேக்கை அந்த ஸ்ட்ரீமர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஆப்டிகல் கேபிளை மாட்டிவிட்டுச் சத்தமே வரவில்லை என்று கூப்பிடாதீர்கள். புதுக் கேபிளின் இரண்டு நுனியிலும் பொடி பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதைக் கழற்ற வேண்டும்.

14. பெட்டியை மாட்டினதிலிருந்து 'உம்ம்ம்'னு ஒரு சத்தம். பாட்டை நிறுத்தினாலும் போகல.

அது தரை இணைப்பு வளையம் (கிரவுண்ட் லூப்): கருவிகளின் எர்த், கேபிள்கள் வழியாக ஒரு வட்டமாகச் சேர்ந்து அதில் கரண்ட் சுற்றுவது. என் அத்தை பையன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத் துரத்தினோம். ஸ்ட்ரீமர், அதிலிருந்து யுஎஸ்பியில் டேக், டேக்கிலிருந்து ஆம்ப். பாட்டில்லாத நேரத்தில் வண்டு மாதிரி ஒரு முனகல். ஒவ்வொன்றாகக் கழற்றினோம். யுஎஸ்பியைப் பிடுங்கியதும் வண்டு செத்தது. யுஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் போட்டோம், அதோடு சரி. கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ வெளிச்சம்தான் போகிறது, மின்சாரம் போவதில்லை. அதனால் இரண்டு பெட்டிகளின் தரைக்கும் அங்கே உறவு அறுந்துவிடுகிறது. ஆப்டிகல் வெளியீடு இல்லாத ஸ்ட்ரீமரை நான் வாங்காததற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணம்.

கருவியின் எர்த் பின்னைக் கழற்றிவிடு என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். முனகல் போகும், பாதுகாப்பும் போகும்.

15. வால்யூமை ஸ்ட்ரீமர்ல வெக்கறதா, ஆம்ப்லயா?

ஆம்பில் வால்யூம் திருகி இருந்தால் ஸ்ட்ரீமரை 'ஃபிக்ஸட்' என்று வைத்துவிட்டு ஆம்பில் திருகுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஃபோனில் குறைக்க வேண்டும் என்றால் ஸ்ட்ரீமரிலும் குறைக்கலாம், பாவமில்லை. 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போகும் என்பது உண்மைதான். ஆனால் 16 பிட் பாட்டு 24 பிட் பாதையில் போகும்போது கீழே 8 பிட் காலியாகக் கிடக்கிறது. கிட்டத்தட்ட 48 டெசிபல் குறைக்கும் வரை பாட்டின் பிட்டைத் தொடாது.

வால்யூம் திருகி இல்லாத பவர் ஆம்பில் நேராக மாட்டுகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை. அப்டேட் முடிந்து பெட்டி முழு வால்யூமில் எழுந்தால் ஸ்பீக்கர் போய்விடும். அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அப்படி மாட்டாதீர்கள்.

16. விலை கூடக் கூட சத்தம் நல்லாயிருக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

ஓரளவுக்கு மேல், காதில் இல்லை. கையில், கண்ணில், ஆப்பில் இருக்கும். கனமான பெட்டி, அழகான திரை, வழுக்கிக்கொண்டு ஓடும் ஆப், பேலன்ஸ்ட் வெளியீடு என்று. அதற்குப் பணம் கொடுப்பதில் தப்பில்லை, தினமும் தொடுகிற பொருள். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

எனக்கே ஒரு முறை சூடு விழுந்தது. சாதாரணப் பெட்டி ஒன்றும், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஒன்றும் ஒரே ஆம்பில் மாட்டியிருந்தேன். விலை கூடியதில் குரல் முன்னால் வந்து நிற்கிறது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நிறைவாக இருக்கிறது என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இரண்டிலும் ஓட்டி, ஆம்பின் திருகியைத் தொடாமல், ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். ஒன்றில் 2.00 வோல்ட், விலை கூடியதில் 2.19. சுமார் 0.8 டெசிபல் அதிகம். அந்த அளவு கூடினால் 'சத்தமாக இருக்கிறது' என்று காது சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். இரண்டையும் சமமாக்கி, எது ஓடுகிறது என்று மனைவி சொல்லாமல் மாற்றிப் போட்டபோது எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இன்னும் அது சிரிப்பு.

17. அப்போ சத்தத்துக்காக ஸ்ட்ரீமர்ல பார்க்க வேண்டியது எதுவுமே இல்லையா?

ஒன்று இருக்கிறது: அறைத் திருத்தம். 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிற்கும். உட்காரும் இடத்தைப் பொறுத்து ஒரு பேஸ் ஸ்வரம் பத்து டெசிபல் எகிறும், இன்னொன்று காணாமலே போகும். டேக்குக்கும் டேக்குக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மைக்கில் அளந்து அந்த எகிறல்களைத் தட்டிவிடும் வசதியும், எந்த ஹெர்ட்ஸை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்று கையால் மாற்றக்கூடிய பாராமெட்ரிக் ஈக்வலைசரும் இப்போது எளிய பெட்டிகளிலேயே வருகின்றன. எகிறுவதைக் குறையுங்கள், பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள், அங்கே எவ்வளவு ஊற்றினாலும் அறை விழுங்கிவிடும். சப்வூஃபர் வைத்திருப்பவர்கள் அதற்கான தனி வெளியீடும், எந்த ஹெர்ட்ஸில் பிரிப்பது என்று அமைக்கும் வசதியும் உள்ள பெட்டியைப் பாருங்கள்.

18. ஒரு தடவை வாங்கினா எத்தனை வருஷம் வரும்?

பெட்டி வரும், சேவை வருமா என்பதுதான் கேள்வி. ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பழைய ஸ்ட்ரீமரின் கதையைப் பாருங்கள். அதைச் செய்த ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை 2006-இல் லாஜிடெக் வாங்கியது. 2012-இல் அந்த வரிசையையே நிறுத்தியது. ஆனால் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் இன்றும் காப்பாற்றிவருகிறார்கள்; 6-ஆம் பதிலில் சொன்ன லிரியன் அதுவேதான். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்து 2019 தொடக்கத்தில் நின்றது. வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தவை 2025 மார்ச்சில் ஒரு நாள் திடீரென்று ஊமையாகின, உள்ளே இருந்த சான்றிதழ் ஒன்று காலாவதியானதால். சில நாளில் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தார்கள். சோனோஸ் 2024 மே மாதம் ஆப்பை மாற்றியபோது அலாரம் போன்ற பழைய வசதிகளே காணாமல் போய், 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி விலகும் அளவுக்குப் போனது.

என் முதல் ஸ்ட்ரீமர் இன்னும் அலமாரியில் இருக்கிறது, நல்ல கனம், கீறல்கூட இல்லை. அதன் இணைய வானொலி பொத்தானை அழுத்தினால் 'இணைக்கிறது' என்று புள்ளி புள்ளியாகச் சுற்றும். அந்தப் பட்டியலைத் தந்த சேவை மூடி வருஷக்கணக்காகிறது.

ஆகவே வாங்கும் முன் கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். ஒன்றரை வருஷமாக ஒன்றுமே இல்லை என்றால் யோசியுங்கள். வாங்கியதும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பாட்டைப் பாடவையுங்கள். கணக்கில் நுழையாமல் அதுகூட முடியவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டும் முன் முடிவெடுங்கள். பழசு வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். கூடவே பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து பெட்டியை விடுவித்துவிட்டாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

19. ராஸ்பெர்ரி பை வெச்சு நானே பண்ணிக்கலாமா?

ராஸ்பெர்ரி பை என்பது ஒரு குட்டிக் கணினிப் பலகை. மெமரி கார்டில் ஓஎஸ் ஏற்றுவது உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் தாராளமாக. வால்யூமியோ, மூட் ஆடியோ, பைகோர்பிளேயர் என்று ஆயத்தமான மென்பொருள்கள் இருக்கின்றன. மேலே ஒரு டேக் பலகையைச் செருகினால் ஸ்ட்ரீமர் தயார். நிறுவனம் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இதில் ரொம்பக் குறைவு, வேறு மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். மெமரி கார்டு பாழானால் மறுபடி எழுத நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அப்பா அம்மாவுக்கு என்றால் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

20. எம்க்யூஏ முத்திரை இல்லையே, பரவாயில்லையா?

பரவாயில்லை. எம்க்யூஏ என்பது ஹை-ரெஸ் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை. அந்த நிறுவனம் 2023-இல் நொடித்து வேறு கைக்குப் போனது, அதை நம்பியிருந்த டைடல் 2024 ஜூலையில் ஃபிளாக்குக்கு மாறிவிட்டது.

21. பாட்டை அப்படியே மாத்தாம அனுப்புதா, நடுவுல ஏதாவது பண்ணுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வெளி டேக் உள்ளவர்களுக்குச் சுலபம். டேக்கில் சாம்பிள் ரேட் காட்டும் விளக்கோ திரையோ இருக்கும். 44.1 பாட்டு ஒன்றும் 96 பாட்டு ஒன்றும் அடுத்தடுத்துப் போடுங்கள். விளக்கு பாட்டோடு சேர்ந்து மாற வேண்டும். எதைப் போட்டாலும் 48 என்றே நின்றால் பெட்டி எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றி அனுப்புகிறது. பெரும்பாலும் அமைப்புகளில் எங்கோ ஒரு பொத்தான் இருக்கும்.

விளக்கு சரியாக மாறினாலும் உள்ளே வால்யூமையோ ஈக்வலைசரையோ தொட்டிருக்கலாம். அதற்கு ஒரு நல்ல தந்திரம், டிடிஎஸ் சிடியிலிருந்து (ஐந்து ஸ்பீக்கருக்கான ஒலியைக் குறியீடாக வைத்திருக்கும் சிடி) எடுத்த கோப்பு. ஏவி ரிசீவருக்கு ஆப்டிகல் வழியாக அதை ஓட்டுங்கள். பிட் ஒன்றுகூட மாறாமல் போனால் ரிசீவர் அதை அடையாளம் கண்டு ஐந்து ஸ்பீக்கரிலும் பாடும். ஒரே ஒரு படி வால்யூம் குறைந்திருந்தாலும் அடையாளம் போய், வெறும் இரைச்சல்தான் வரும். 15-ஆம் பதிலில் சொன்ன 'ஃபிக்ஸட்'டில் வைத்து, 17-இல் சொன்ன திருத்தத்தை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அந்த இரைச்சல் முழு வீச்சில் வரும், ஆகவே முதலில் ரிசீவரின் வால்யூமை அடிவரை இறக்கிவிடுங்கள்.